மூடிட்டேன், படு

இன்றைக்கு ஒருநாள் சூரியன் அரைமணி நேரம் பிந்தி வந்தால் என்ன குடிமுழுகிப் போய்விடும் என்று வெயிலுமுத்து பனியில் ஏறிக்கொண்டே கேட்டான். வெயிலுகந்தம்மன் பேரை வைத்துக்கொண்டு இப்படி ஒரு கேள்வி. நேற்று வரைக்கும் தினம் காலையில் விடுதியின் கிழக்கு ஜன்னலில் இரண்டு கையையும் விரித்துப் பிடித்துக்கொண்டு, வா வா என்று கெஞ்சிய ஆள்தான் இவன். வரட்டும், வரவேண்டாம் என்று யார் சொன்னது, கொஞ்சம் மெதுவாக வரட்டும். எதிர்மலையின் உச்சி இன்னும் சாம்பல் நிறத்தில்தான் இருந்தது. காலடியில் பனி இறுகிக் கிடந்தது, பூட்ஸ் பட்டால் மொறுமொறு என்று சத்தம், புதையவில்லை. இந்த ஊர்ப் பனியை நம்பி நடக்கிறதென்றால் இந்த நேரத்தில்தான் நடக்க வேண்டும். வெயில் பட்டு ஒரு மணி நேரம் போனால் அதே பனி தொடைவரை உள்ளே இழுத்துவிடும். முதுகில் மண்வெட்டி, சட்டைக்குள் வயிற்றோடு சேர்த்துக் கட்டின வெந்நீர் பிளாஸ்க். மேலே ஊற்றுத் தொட்டிக்கு ஒன்றரை மணி நேர ஏற்றம். வெயில் விடுதிச் சுவரைத் தொடுவதற்குள் தொட்டி வால்வை அடைக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை. வேறு எதையும் யோசிக்க வேண்டாம். யோசிக்க வேண்டாம் என்றால் எது வந்து நிற்கும் என்று அவனுக்குத் தெரியும், அது வந்து நின்றது. மூடிட்டேன், படு. அவன் குரல்தான். அவனே சொன்னதுதான்.

குழாயை மூடக் கூடாது. விடுதிக்காரன் ரத்தன் சிங் முதல் வருசம் சாவிக்கொத்தைக் கையில் கொடுத்தபோதே சொன்ன பாலபாடம் அது. டிசம்பரிலிருந்து ஏப்ரல் வரை இந்தப் பதினெட்டு அறை விடுதியில் ஒரு குருவிகூடத் தங்காது, இந்த மலைக்காரர்களே குடும்பத்தோடு கீழ்க்கிராமங்களுக்கு இறங்கிவிடுவார்கள். காவலுக்கு இருக்கிறவன் கூரைப் பனியைத் தள்ள வேண்டும், அடுப்பு அணையாமல் பார்க்க வேண்டும், சமையலறைக் குழாயை இரவு பகல் சொட்டவிட வேண்டும். ஓடுகிற தண்ணீர் உறையாது, நின்ற தண்ணீர் உறையும், உறைந்தால் இரும்பையே பிளந்துவிடும். இரண்டு குளிர்காலம் முழுக்கவும் இந்தக் குளிர்காலத்தில் நேற்று வரைக்கும் சொட்டிக்கொண்டுதான் இருந்தது. இன்று விடியுமுன் சத்தம் இல்லாததால்தான் அவனுக்கு விழிப்பே வந்தது. எழுந்து ஓடிப் பார்த்தால் குழாய் இறுக்கி மூடியிருந்தது. கிழக்குச் சுவர் வழியாக வருகிற கருப்புக் குழாய், கம்பளி அறைக்குள் திரும்புகிற முழங்கை மூட்டில் பிளந்து, பிளவில் பனிக்கட்டி நாக்கை நீட்டிக்கொண்டிருந்தது. வாசலில் இருக்கிற வால்வு உறைந்துபோய் அசைய மறுத்தது. இப்போதைக்கு ஒரு சொட்டு ஒழுகாது, பனிக்கட்டியே அடைப்பு. வெயில் சுவரில் பட்டுக் குழாய் இளகிவிட்டால் மேலே தொட்டியில் இருக்கிற தண்ணீர் முழுவதும் அந்த அறைக்குள் இறங்கும். பஞ்சு வைத்துத் தைத்த கனத்த போர்வை எண்பது ரஜாய், எண்பது மெத்தை, எல்லாம் உத்தரம் வரைக்கும் அடுக்கியிருக்கிறது. பத்தைத் தூக்கி வெளியே போட்டுப் பார்த்தான். இது ஆகிற காரியம் இல்லை என்று மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டான்.

யார் மூடியது என்று ஒரு கேள்வி இருக்கிறதல்லவா. சுற்றிலும் எட்டு மணி நேர நடைக்குள் வேறு மனுச வாடை கிடையாது. அதனால் அது கேள்வியே இல்லை. கைதான் மூடியது. அந்தக் கையைச் சொல்லியும் குற்றமில்லை, எட்டு நாளுக்கு ஒருதரம் தண்ணீர் வருகிற ஊரில் வளர்ந்த கை. அதைவிட மாடத்தியோடு இருபத்தேழு வருசம் குடித்தனம் நடத்தின கை. குழாய் சொட்டுகிற சத்தம் கேட்டால் அவளுக்குச் சோறு இறங்காது. ஜபல்பூரில் ராணுவக் குடியிருப்பில் இரண்டு வருசம் அவனோடு வந்து இருந்தபோது, வரிசையாக இருந்த பத்து வீட்டுக் கொல்லைக் குழாயையும் சாயங்காலம் ஒருநடை போய் இறுக்கி மூடிவிட்டு வருவாள். நாலாவது வீட்டுப் பஞ்சாபிக்காரி வாளி நிரம்பட்டும் என்று திறந்து வைத்துவிட்டு உள்ளே போனால், இவள் மூடிவிட்டு வந்துவிடுவாள். ஒருநாள் அந்தம்மா வாசலில் வந்து நின்று இந்தியில் கத்த, இவள் விளாத்திகுளத்துத் தமிழில் திருப்பிக் கத்த, ஒருத்தி சொன்னது ஒருத்திக்குப் புரியாமலே சண்டை அரைமணி நேரம் சீராக நடந்தது. அப்புறம் இரண்டு பேரும் சேர்ந்தே உட்கார்ந்து பட்டாணி உரித்தார்கள். அவனுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் உதடு வெடிக்கிறது, மப்ளரை மேலே இழுத்துக்கொண்டான். முதல் குளிர்காலத்தில் போனில் அவளிடம் சொன்னான், இங்கே குழாயைத் திறந்தேதான் போட்டிருக்க வேண்டும் என்று. "ராத்திரி பூராவுமா?" என்று கேட்டாள். ஆமாம் என்றான். "யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாகளா?" என்றாள். யார் இருக்கிறார்கள் சொல்ல. "அப்பிடின்னா ஒரு வாளியயாவது கீழ வைங்க, சும்மா போகாம" என்றாள். அன்றிலிருந்து வாளி வைத்திருக்கிறான். காலையில் வாளித் தண்ணீரை என்ன செய்வதென்று தெரியாமல் பனியில்தான் கொட்டுகிறான். அதை அவளிடம் சொன்னதில்லை.

நேற்று படுத்துக் கண் சொருகுகிற நேரம் மாடத்தி குரல். ஏங்க, கேட்டீகளா, கொழா சொட்டுது. எழுந்து போனான், மூடினான், வந்து படுத்தான், மூடிட்டேன், படு என்றான். கனவாக இருந்தால் குழாய் மூடியிருக்காது. நிஜமாக இருந்தால், நிஜமாக எப்படி இருக்கும். இந்த இடத்துக்கு வந்ததும் நினைப்பு முள்ளில் மாட்டின வேட்டி மாதிரி நின்றுகொள்கிறது, முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை. அவனுக்கு முந்தி இங்கே காவலுக்கு இருந்தவன் புவன் என்று ஒரு மலைக்காரன். ஜனவரியில் ரத்தன் எதற்கோ ஆள் அனுப்பிப் பார்த்தால், புவன் அடுப்புக்கு முன்னால் இரண்டு தட்டு வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தானாம், எதிர்த் தட்டுக்காரரை இன்னும் ஒரு ரொட்டி எடுத்துக்கொள்ளச் சொல்லி உபசாரம் வேறு. கைத்தாங்கலாகக் கீழே கொண்டுபோனார்கள். இந்தக் கதையைச் சொல்லி முடித்துவிட்டு ரத்தன் ஒரு விதி போட்டான். ரத்தனும் அவனும் ஒரே ரெஜிமெண்டில் பதினோரு வருசம் லாரி ஓட்டியவர்கள், ஒளிவுமறைவு கிடையாது. தனியாகப் பேசு, பாடு, சுவரைத் திட்டு, எல்லாரும் செய்கிறதுதான், ஆனால் எதிர்ப்பேச்சு கேட்டால், அதற்கு நீ பதில் சொன்னால், அன்றைக்கே எனக்குச் சொல்லிவிட வேண்டும், நான் உன்னை இறக்கிவிடுவேன் என்றான். வெயிலுமுத்து அப்போது வயிறு குலுங்கச் சிரித்தான். போன மாதம்கூடச் சிரித்திருப்பான்.

ஏற்றம் செங்குத்தானது. நாலு எட்டு, நிற்பது, மூச்சு வாங்குவது, மறுபடி நாலு எட்டு. இடது கால் விரல்கள் இருக்கின்றனவா என்று தெரியவில்லை, பூட்ஸுக்குள் ஆட்டிப் பார்த்தான், ஆட்டியது விரலா வெறும் எண்ணமா என்றும் தெரியவில்லை. இங்கே விழுந்தால் ஏப்ரலில்தான் எடுப்பார்கள், கெடாமல் அப்படியே இருப்பான், அது ஒரு வசதி. பயமாகத்தான் இருந்தது. விழுவதைப் பற்றி இல்லை. விழுந்தால் ரத்தனுக்கு விளக்கம் சொல்ல வேண்டாம் என்று மனசின் ஒரு மூலையில் ஒரு நிம்மதி எட்டிப் பார்த்ததே, அதைப் பற்றித்தான் பயம். நிமிர்ந்து பார்த்தான். எதிர்மலை உச்சியில் ஒரு மஞ்சள் பொட்டு விழுந்திருந்தது. இனிமேல் அது இறங்கும். மேலிருந்து கீழே வருவதுதான் இங்கே விடியல், ஊரில் மாதிரித் தரையிலிருந்து கிளம்புவதில்லை. முதலில் உச்சி, பிறகு தொட்டி இருக்கிற கணவாய், கடைசியில் விடுதி. கணவாயில் வெயில் விழுந்தால் விடுதிக்கு வர இருபது நிமிசம். தினம் கீழே நின்று ஆசையோடு எண்ணின கணக்கு இது. நடடா என்று தனக்கே சொல்லிக்கொண்டான். சொன்னது தான்தானா என்று ஒருதரம் சரிபார்த்துக்கொண்டான்.

அந்தக் கணவாயில்தான் போனில் சிக்னல் கிடைக்கும். வேறெங்கும் கிடைக்காது. ஞாயிற்றுக்கிழமைதோறும் இதே நேரத்துக்கு ஏறிவந்து மாடத்தியைக் கூப்பிடுவான். போன வருசம் பிப்ரவரியில் இரண்டு ஞாயிறு விடாத பனிப்பொழிவு, ஏற முடியவில்லை. மூன்றாவது ஞாயிறு ஏறினான். மகள் கோமதி எடுத்தாள். இவள் எங்கே சிவகாசியிலிருந்து வந்தாள் என்று நினைத்துக்கொண்டே, அம்மாவிடம் கொடு என்றான். அம்மா போயிட்டாகப்பா, பதினோரு நாள் ஆச்சு, நெஞ்சு வலிக்குன்னு உக்காந்தாக, அவ்வளவுதான் என்றாள். எல்லாம் முடிஞ்சிருச்சுப்பா, நாங்களே பாத்துட்டோம், ஒங்களுக்குச் சொல்ல வழியே இல்ல என்றாள். அவன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, சாப்பிட்டியா என்று கேட்டான். ஞாயிற்றுக்கிழமை போனில் அவன் கேட்கிற அடுத்த கேள்வி அதுதான், வாயில் அதுதான் இருந்தது. மகள் அழுதுகொண்டே சாப்பிட்டேன் என்றாள். அன்றைக்கு அவனுக்கு அழுகை வரவில்லை. இறங்கி வந்து கூரைப் பனியைத் தள்ளினான், ரொட்டி சுட்டான். மாடத்தி ஊரில் இருக்கிறாள், அவன் இங்கே இருக்கிறான், எப்போதும் போலத்தானே இருக்கிறது என்றுதான் தோன்றியது. அவள் ஊரில் தண்ணீருக்குக் குடத்தை வரிசையில் போட்டுவிட்டு நிற்பாள் என்று நினைத்தால், அவள் நின்றாள். எந்தத் தடையும் இல்லாமல் நின்றாள்.

ஏப்ரலில் வழி திறந்து ஊருக்குப் போனபோதுதான் தடை வந்தது. சுவரில் அவள் போட்டோவுக்கு மாலை போட்டு, சின்ன மின்விளக்கு வைத்திருந்தார்கள். அது ரேஷன் கார்டுக்கு எடுத்த படம், கண்ணை உருட்டிக்கொண்டு கேமராவோடு சண்டைக்குப் போகிற மாதிரி இருப்பாள், அவளுக்கே பிடிக்காது. வருகிறவர்கள் எல்லோரும், தவறிட்டா, சாமிகிட்டப் போயிட்டா, இருக்கிறவரைக்கும் மகராசியா இருந்தா என்றார்கள். அவன் தலையை ஆட்டினான். அவர்கள் எல்லோரும் பார்த்திருந்தார்கள், அவன் ஒருத்தன்தான் பார்க்கவில்லை. பார்க்காத சங்கதிக்கு எப்படி அழுவது. அந்த வீட்டில் எந்த அறைக்குப் போனாலும் அவள் இல்லை. அடுப்படியில் இல்லை, கொல்லையில் இல்லை. ஏழு மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தான். நவம்பரில் ரத்தன் போன் செய்து, இந்த வருசம் முடியாதென்றால் பரவாயில்லை, வேறு ஆள் பார்த்துக்கொள்கிறேன் என்றபோது, ரயிலுக்கு அன்றைக்கே போய் டிக்கெட் எடுத்தான். மகளுக்கு வருத்தம்தான். அங்க போய்த் தனியா என்னப்பா செய்வீக என்று கேட்டாள். அவளிடம் எப்படிச் சொல்வது, அங்கே போனால்தான் அம்மா இங்கே இருப்பாள் என்று. மலைக்கு வந்தான், கதவைத் திறந்தான், வாளியை வைத்துக் குழாயைத் திறந்துவிட்டான். மாடத்தி ஊருக்குத் திரும்பி வந்துவிட்டாள். நவம்பர் முடிவில் கடைசியாகத் தங்கின பெங்களூர்ப் பையன்கள் குடும்பம் எங்கே அங்கிள் என்று கேட்டபோது, சம்சாரம் ஊரில் என்று பட்டென்று சொன்னான். பொய் சொன்ன மாதிரியே இல்லை.

கணவாய் வந்துவிட்டது. தொட்டி இருக்கிற இடத்தில் நட்டு வைத்த சிவப்புத் துணிக் கம்பு ஒரு சாண்தான் வெளியே தெரிந்தது. மண்வெட்டியை எடுத்துத் தோண்டினான். மேல் பனி கல்லாக இருந்தது, கீழே போகப்போக உப்பு மாதிரி சரிந்து விழுந்து தோண்டின குழியையே மூடியது. சனியனே என்று திட்டினான். மார்பு அடித்துக்கொண்டது. நெஞ்சு வலிக்குன்னு உக்காந்தாக. உட்காராமல் தோண்டினான். முதுகில் ஒரு மெல்லிய சூடு பட்டது, திரும்பிப் பார்க்காமலே தெரிந்தது, வந்துவிட்டது. இருபது நிமிசம். சாக்கு தட்டுப்பட்டது, சாக்குக்குக் கீழே பைன் இலைக் குப்பை, அதற்குக் கீழே மரப்பெட்டி, பெட்டிக்குள் வால்வு. உள்ளே தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்டது. பிளாஸ்க்கைத் திறந்து வெந்நீரை நிதானமாகச் சுற்றி ஊற்றினான், கையுறையைக் கழற்றிவிட்டுப் பிடித்தான், உள்ளங்கைத் தோல் இரும்பில் ஒட்டிக்கொண்டது. அசையவில்லை. மீதி வெந்நீரையும் ஊற்றினான். உடம்பு முழுவதையும் கொடுத்துத் திருகினான். கால் சுற்று, அரைச் சுற்று, பிறகு தானாக வந்தது. நாலாவது சுற்றில் தண்ணீர்ச் சத்தம் நின்றது. கீழே விடுதியின் தகரக் கூரை இன்னும் நீல நிழலில் இருந்தது. எண்பது ரஜாயும் பிழைத்தன. குழாயைக் காலி செய்துவிட்டு ஏப்ரல் வரை பனியை உருக்கிக் குடித்துச் சமாளித்துவிடலாம், கஷ்டம்தான், ஆனால் முடியும். உள்ளங்கையில் ரத்தம் கசிந்தது. குழிக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டு போனை எடுத்தான்.

ரத்தனிடம் சொல்லியாக வேண்டும், குழாய் அவனுடையது. என்ன சொல்வதென்று ஏறும்போதே ஒரு பகுதி தயாராகிவிட்டிருந்தது. நேற்று குளிர் வழக்கத்தைவிட அதிகம், சொட்டு சின்னதாகிப்போய் உறைந்துவிட்டது. யார் வந்து பார்க்கப்போகிறார்கள். ரத்தன் எடுத்தான். வெயிலுமுத்து குழாய் வெடித்ததைச் சொன்னான், தொட்டியை அடைத்ததைச் சொன்னான். ரத்தன் முதலில் அவன் காலையும் கையையும் விசாரித்தான், பிறகுதான் குழாயை. சொட்டிக்கொண்டுதானே இருந்தது என்று கேட்டான். மூடியிருந்தது என்றான் வெயிலுமுத்து. தூக்கத்தில் கைமறதியாக மூடிவிட்டாயாக்கும், உங்கள் ஊர்ப் பழக்கம் அல்லவா என்று ரத்தனே ஒரு வழியையும் திறந்து வைத்தான். நல்ல மனுசன். ஆமாம் என்றால் போதும். இன்னும் மூன்று மாதம். அடுப்பு, ஜன்னல், ஏங்க கேட்டீகளா என்று ஒரு குரல், இன்றைக்கும் வரும், நாளைக்கும் வரும், கொஞ்ச நாள் போனால் பகலிலும் வரும். அவனுக்கு அது வேண்டும்போல் இருந்தது. அவ்வளவு வேண்டும்போல் இருந்ததுதான் பயம். என் சம்சாரம் மூடச் சொன்னாள் என்று இந்தியில் சொல்லிவிட்டான்.

ரத்தன் சத்தம் போடவில்லை. நீ பதில் சொன்னாயா என்று மட்டும் கேட்டான். சொன்னேன் என்றான். ரத்தன் மெதுவாக, கண்ணாடிப் பாத்திரத்தைக் கையில் வைத்திருக்கிறவன் போல, "முத்து, அண்ணி இப்போ எங்கே இருக்காங்க?" என்று கேட்டான்.

ஊரில் என்ற வார்த்தை நாக்கு நுனியில் தயாராக நின்றது. அதைச் சொல்ல ஒரு சிரமமும் இல்லை, ஒரு வருசமாகப் பழகின வார்த்தை. கீழே பார்த்தான். வெயில் சரிவில் வழிந்து இறங்கிக்கொண்டிருந்தது, முதல் வரிசைத் தேவதாருக்களைத் தாண்டிவிட்டது. கோமதி தலைமாட்டில் உட்கார்ந்திருப்பாள். மருமகன் கொள்ளிச் சட்டி எடுத்திருப்பான். குளிப்பாட்ட நாலு பெண்கள் குடம் குடமாக ஊற்றியிருப்பார்கள், ஊரில் தண்ணீர் இல்லாத மாதத்தில், அவள் மேல், ஒரு கணக்கும் பார்க்காமல். அதை அவன் இதுவரை நினைத்துப் பார்த்ததே இல்லை. இப்போது பார்த்தான், அவள் தலைமுடி ஈரத்தில் நெற்றியோடு ஒட்டிக் கிடந்தது.

"செத்துப் போயிட்டா" என்றான்.

தமிழில் வந்துவிட்டது. ரத்தனுக்குப் புரியவில்லை, என்ன, என்ன என்று கேட்டான். ஒருதரம் சொன்னது போதாதென்று, அதை இந்தியிலும் ஒருதரம் சொல்ல வேண்டியிருந்தது. சொல்லி முடித்தபோது குரல் உடைந்துபோய், ஒரு வருசமாக எங்கே இருந்ததென்று தெரியாத அழுகை, மூக்கிலும் வாயிலும் ஒரே நேரத்தில் வந்தது. அது கொஞ்சம் அடங்கியதும் ரத்தன், நாளை மதியத்துக்குள் இரண்டு ஆளோடு நானே வருகிறேன், அடுப்பை அணையாமல் வைத்துக்கொள், சாமானைக் கட்டி வை, கூடவே இறங்கிவிடலாம் என்றான். சரி என்றான் வெயிலுமுத்து. போனை வைத்துவிட்டுக் குழியிலிருந்து எழுந்து நின்றான். எந்தப் பேச்சானாலும் கடைசி வார்த்தை மாடத்தியுடையதாகத்தான் இருக்கும், இப்படி ஒரு சொல்லைச் சொன்னதற்கு அவள் வாங்கு வாங்கென்று வாங்கியிருக்க வேண்டும். கேட்டுக்கொண்டு நின்றான். காற்றுகூட இல்லை. பனி பூட்ஸுக்கு அடியில் இளக ஆரம்பித்திருந்தது, உடனே கிளம்பினால் இடுப்புவரை புதையாமல் போய்ச் சேரலாம். தெரியும். ஆனாலும் இன்னும் கொஞ்ச நேரம் பார்க்கலாம் என்று அங்கேயே நின்றான்.